வீட்டு வண்டியின் வெந்நீர்: பழுது பார்த்தல் குறித்துச் சில எண்ணங்கள்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் வெந்நீர்த் தொட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எளியது. எங்கள் அலட்சியத்தால் வயதான தாயார் ஒருவரின் உயிர் போயிருக்கும். போகவில்லை. அதற்கு எங்கள் அறிவோ முன்யோசனையோ காரணம் அல்ல. அவர் காலில் கிடந்த ரப்பர் செருப்பு காரணம்.

நாங்கள் இரண்டு குடும்பத்தினர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இரு குடும்பமும் பணம் போட்டுப் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே அமைந்த வீட்டு வண்டி. விடுமுறை கிடைத்தால் நான்கைந்து புத்தகங்களையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வண்டியின் எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் நம்பிக்கை. மற்றதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்காமலிருப்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பியும் திருகும் வேறு யாருக்கோ உரியவை. நமக்குப் புத்தகம் போதும் என்ற எண்ணம்.

நடந்ததைச் சொல்லுமுன் அந்தத் தொட்டியின் அமைப்பைச் சற்றே விளக்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 காலன், ஏறக்குறைய 23 லிட்டர் கொள்ளும். அதைச் சூடாக்க எங்கள் வண்டியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புரொப்பேன் வாயு. வாயுவைத் திறக்கும் வால்வு, பொறி எழுப்பும் சர்க்யூட் போர்டு, சுடர் எரிகிறதா என்று கண்காணிக்கும் கம்பி ஆகிய யாவும் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை. மற்றொன்று, முகாம்களில் ப்ளக் செருகிப் பெறும் 120 வோல்ட் மின்சாரம். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் 1440 வாட் காயில் அதில் சூடேறும். தண்ணீர் 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். அது தவறினால் 82 டிகிரியை ஒட்டி நிறுத்துவதற்கு இன்னொரு காவல் உண்டு. ஆக, ஒரே தொட்டியைச் சுற்றி இரண்டு மின்சாரங்கள். ஒன்றைத் தொட்டால் தெரியக்கூடத் தெரியாது. மற்றது ஆளைக் கொல்லும். பழுது தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தான் கைவைக்கப்போவது இவற்றில் எது என்பதுதான்.

கோடையில் வாயு வழியில் சிக்கல் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் 'டிக் டிக்' என்று பொறியடிக்கும் ஓசை கேட்கும். சில நாள் சுடர் பற்றும். சில நாள் பற்றாமல் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும். பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். "போர்டு போயிருக்கும்" என்று மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கதை. இம்முறை தெர்மோஸ்டாட் மாறியது. 200 டாலருக்கு மேல் செலவாயிற்று. பழுது அப்படியே இருந்தது. அந்த இரு முறையும் யாரும் மீட்டரை எடுத்து எதையும் அளந்து நாங்கள் பார்க்கவில்லை. அளந்து பாருங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. சலித்துப்போய், இனி மின்சாரத்திலேயே தண்ணீரைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம்.

அக்டோபர் இறுதியில் கிராண்ட் கேன்யன் பக்கம் போவதாகத் திட்டம். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு காரேஜில் வண்டியின் ப்ளக்கைச் செருகி வெந்நீர்ச் சுவிட்சைப் போட்டோம். உடனே அந்த ப்ளக் பாயின்ட் மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டது. மீண்டும் பொத்தானை அழுத்தினோம், மீண்டும் துண்டித்தது. மூன்றாவது முறையும் அதேதான். இங்கே காரேஜிலும் குளியலறையிலும் உள்ள ப்ளக் பாயின்ட்கள் கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. வகையைச் சேர்ந்தவை. "இது கொஞ்சம் பழசு, சும்மா சும்மா போகும்" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தோம். நீளமான ஒயர் எடுத்து வீட்டுக்குள்ளிருந்த சாதாரண ப்ளக்கில் செருகினோம். எதுவும் துண்டிக்கவில்லை. அரை மணி நேரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. பழுது தீர்ந்துவிட்டதாக மகிழ்ந்து தூங்கப்போனோம்.

எங்கள் கதையில் மிகவும் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். அந்த ப்ளக் மூன்று முறை உண்மையைச் சொன்னது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டு, பேசாத வேறொன்றைத் தேடிப் போனோம்.

* * *

முகாம் இருந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரம். இரவில் தண்ணீர் உறையும் குளிர். இந்தியாவிலிருந்து வந்திருந்த எங்களில் ஒருவரின் தாயார் உடன் வந்திருந்தார். எங்கள் எல்லோருக்குமே அவர் 'அம்மா'தான். விடியற்காலையில் எழுந்து வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே போய்ச் சூரிய உதயம் பார்த்தார். திரும்பி வந்து வாசற்படியில் ஏறியவர் கையை உதறிக்கொண்டே சொன்னார்:

"ஏம்ப்பா, கதவுப் பிடியத் தொட்டா கை என்னமோ விறுவிறுங்குது. கரண்ட் வருதான்னு பாருங்க."

"குளிர்ல கை மரத்துப் போயிருக்கும்மா."

"குளிருக்கும் கரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நம்ம கெணத்து மோட்டார் ரூம்புல எத்தன தடவ ஷாக் வாங்கியிருக்கேன்!"

அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்காரர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீசியன். அவர் மல்டிமீட்டருடன் வந்தார். ஒரு முனையை ஈரமண்ணில் குத்திய இரும்பு ஆணியிலும் மறுமுனையைக் கதவுப் பிடியிலும் வைத்தார். 90 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் எங்கள் பிரேக்கரை இறக்கினார். பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நாங்கள் மறக்கப்போவதில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார் என்றே சொல்ல வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் காயிலிலிருந்து ஒயர்களைக் கழற்றினார். காயிலின் இரு முனைகளுக்கும் இடையே மின்தடை 10 ஓம். 120 வோல்ட்டில் 12 ஆம்பியர், 1440 வாட். கணக்கு சரியாக இருந்தது. காயில் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் சொன்னோம். "இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது" என்றார் அவர். ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையைத் தொட்டியின் உலோகத்திலும் வைத்தார். அவ்விரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டர் சுமார் 3000 ஓம் காட்டியது. காயில் தண்ணீரையும் சூடாக்கிக்கொண்டிருந்தது, வண்டியின் உடலுக்கு மின்சாரத்தையும் கசியவிட்டுக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதும் தெரிந்தது. குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தொட்டியை வடித்துவிட்டு, தண்ணீர் தொட்டிக்குள் போகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பிவைப்பது வழக்கம். வசந்தத்தில் அதைப் பழையபடி திருப்ப மறந்து, காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டிருந்தோம். குழாயில் தண்ணீர் வந்ததால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். தண்ணீரில்லாமல் எரிந்த காயில் பெரும்பாலும் அறுந்தே போகும். எங்களுடையது அறுபடவில்லை, உறையில் கீறல் விழுந்தது. உள்ளே கம்பியைச் சுற்றி நிரப்பப்பட்டிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு அந்தக் கீறல் வழியே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அறுந்திருந்தால் அன்றே மாற்றியிருப்போம். அரைகுறையாகப் பிழைத்ததுதான் ஆபத்தாயிற்று.

ஆனால் கசிவு மட்டுமே என்றால் அம்மாவின் கைக்கு அது வந்திருக்காது. வண்டியின் உடல் எர்த் கம்பி வழியாக நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும். கசிகிற மின்சாரம் அவ்வழியே போய்விடும். வீட்டில் நாங்கள் சோதித்த அன்று அப்படித்தான் போயிருக்கிறது. முகாமில் எங்கள் ப்ளக்கைத் திறந்து பார்த்தபோது எர்த் கம்பி திருகிலிருந்து கழன்று தனியே கிடந்தது. முன்பு யாரோ மாற்றிய ப்ளக். திருகைச் சரியாக இறுக்கவில்லை. வழியில் எங்கோ அது முழுவதுமாக விடுபட்டிருக்க வேண்டும். இரண்டு பழுதுகள். ஒவ்வொன்றும் தனியாக இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் சந்தித்த இடம் கதவுப் பிடி.

பிரேக்கர் ஏன் இறங்கவில்லை என்று கேட்டோம். எர்த் இருந்திருந்தாலும் அந்தக் கசிவு 30 மில்லி ஆம்பியர்தான் என்றார். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. பிரேக்கர் ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. மனிதரைக் காப்பது காரேஜில் நாங்கள் திட்டிய அந்த ப்ளக்தான்.

ஊர் திரும்பியபின் அதைப் பற்றித் தேடி வாசித்தோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்ஸீல் 1961இல் கண்டறிந்த கருவி அது. அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் தன்னார்வலர்களின் உடலில் சிறிய அளவு மின்சாரம் செலுத்தி, எந்த அளவில் பிடித்த கையை விடமுடியாமல் போகிறது என்று ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்பது அவர் கண்ட அளவு. ஜி.எஃப்.சி.ஐ. சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிப்பது இதனால்தான். எங்கள் வண்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கசிவின் வழியில் 3000 ஓம். நனைந்த உடலுக்கு 1000 ஓம் என்று கொண்டால், 90 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல். அம்மா அன்று வெறுங்காலோடு, குளித்த ஈரத்தோடு, பனிபடிந்த புல்லில் நின்று அந்தப் பிடியைப் பிடித்திருந்தால் விட்டிருக்க முடியாது. கூப்பிடவும் முடிந்திருக்காது.

* * *

காயிலின் ஒயர்களைக் கழற்றிப் பத்திரமாக மூடிவிட்டு, ப்ளக்கையும் சரிசெய்தோம். இனி வெந்நீருக்கு வாயு ஒன்றே வழி. அந்தப் பழைய சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. எங்கள் ஆசிரியர் இப்போது மீட்டரை எங்கள் கையில் கொடுத்துவிட்டார். இது 12 வோல்ட், நீங்களே பாருங்கள் என்றார்.

பேட்டரியில் 12.7 வோல்ட். போர்டுக்கு வரும் ஒயரில் 12.5. "மின்சாரம் வருகிறது, அப்படியானால் போர்டுதான்" என்று எங்களில் ஒருவர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கடையில் கேட்ட அதே வாக்கியம். "சுவிட்சைப் போட்டுவிட்டு அளந்தீர்களா?" என்று கேட்டார் ஆசிரியர். போட்டோம். பொறியடித்து வால்வு திறக்க முயலும் அந்தச் சில நொடிகளில் மீட்டர் 8.7க்கு இறங்கியது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையைத் தொட்டியின் சட்டத்திலும் வைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே புள்ளியாக இருக்க வேண்டியவை. ஆனால் சுவிட்ச் போட்டபோது அவற்றுக்கிடையே 3.5 வோல்ட் நின்றது. ஒயரைப் பின்தொடர்ந்தோம். வண்டியின் அடிச்சட்டத்தில் திருகியிருந்த எர்த் முனை துருவேறி, கையால் தொட்டாலே பொடி உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் இறுக்கினோம். 3.5 இருந்த இடத்தில் இப்போது 0.1. சுடர் முதல் முயற்சியிலேயே நீலமாகப் பற்றியது. 200 டாலர் செலவழித்தும் தீராத பழுதுக்கு உப்புத்தாள் போதுமாக இருந்தது.

இதன் விளக்கத்தில் மர்மம் ஏதும் இல்லை. மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. துருவின் வழியாகவும் அது தடையின்றிப் போய்வரும். மீட்டர் முழு மின்னழுத்தத்தையும் காட்டும். வால்வு கேட்கும் மின்னோட்டம் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. அப்போதுதான் துருவின் தடை குறுக்கே நிற்கிறது. 1827இல் ஜார்ஜ் ஓம் எழுதிய நூலில் சொன்ன தொடர்புதான் இது. அவருடைய நாட்டில் அந்நூலுக்கு அப்போது உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்லி பதக்கம் அளித்தது. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லா இணைப்பும் நல்ல இணைப்பாகவே தெரியும். வேலை கொடுத்து அளக்க வேண்டும்.

* * *

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பழுது பார்த்தலில் இரண்டு தவறுகள் இன்று பரவலாகிவிட்டன. ஒன்று, அளக்காமல் மாற்றுவது. மற்றொன்று, தடுக்கிற காவலைப் பழுது என்று எண்ணி அகற்றுவது. முதலாவது பணத்தை வீணாக்கும். இரண்டாவது உயிரை எடுக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பொருள் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று நாம் நினைப்பதில்லை. அது நம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்றே நினைக்கிறோம். சிவப்பு விளக்கு, துண்டித்துக்கொண்ட ப்ளக், நிறுத்திக்கொண்ட வெப்பக் காவல் ஆகியவை நாம் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள். பதில் பிடிக்கவில்லை என்பதால் அது தவறாகிவிடாது.

அளப்பதற்கு நேரமாகும், ஆள்கூலி கூடும், போர்டை மாற்றிப் பார்ப்பதே மலிவு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. நாமும் அவர்களிடம் 'சீக்கிரம் முடியுங்கள்' என்றுதான் கேட்கிறோம். ஆனால் மாற்றிப் பார்த்துச் சரியாகிவிட்டாலும் என்ன பழுது என்று தெரியாமலே போகிறது. புதிய போர்டைச் செருகும்போது இணைப்பு சற்று அசைந்து தற்காலிகமாகச் சரியாகியிருக்கலாம். எங்கள் முதல் இரண்டு வாரங்கள் அப்படித்தான் கழிந்திருக்க வேண்டும்.

எழுத்தையும் வாசிப்பையும் நேசிப்பவர்களிடம் எங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். ராபர்ட் பிர்ஸிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய புகழ்பெற்ற நூலை எங்களில் மூவர் வாசித்திருக்கிறோம். அதில் கதைசொல்லியின் நண்பருடைய விலையுயர்ந்த வண்டியில் கைப்பிடி தளர்ந்துவிடுகிறது. பீர் டப்பாவின் தகட்டில் ஒரு துண்டை வெட்டி இட்டால் சரியாகும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது கௌரவக் குறைவாகப் படுகிறது. அந்த நண்பரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்த நூலை ரசித்து விவாதித்த நாங்களே, எங்கள் வண்டியின் எர்த் கம்பி எங்கே இருக்கிறது என்று ஒருமுறையும் குனிந்து பார்த்ததில்லை. ஒரு கவிதையின் ஒற்றைச் சொல்லுக்காக இரவெல்லாம் விவாதிக்கிறவர்கள், மூன்று முறை துண்டித்துக்கொண்ட ப்ளக் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. புரொப்பேன் வாடை வந்தால் மூடிவிட்டு வெளியேறி, தெரிந்தவரை அழைக்க வேண்டும். 120 வோல்ட்டுக்குப் போகுமுன் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் அளந்து உறுதிசெய்ய வேண்டும். வெப்பக் காவலைக் குறுக்குக் கம்பியிட்டுத் தாண்டவே கூடாது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று, பாதுகாப்பு வால்வின் நெம்பை மெல்லத் தூக்கியாவது, பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். இவற்றுக்கு மேல் போக விருப்பமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் செய்யலாம். பழுது பார்ப்பவரிடம் "எதை அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பதில் சொல்கிறவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

தமிழ்நாட்டில் இதை வாசிப்பவர்களுக்கு மோட்டார் ஹோம் இருக்காது, கீசர் இருக்கும். அங்கும் தண்ணீருக்குள் மூழ்கிய அதே காயில், அதே எர்த் கம்பி. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால் அது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பது. அதில் 'டி' என்ற எழுத்திட்ட சிறு பொத்தான் இருக்கும். இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே துண்டிக்க வேண்டும். அது அடிக்கடி தானாகவே விழுகிறது என்றால், அதைக் கழற்றச் சொல்லி எலக்ட்ரீசியனை அழைக்காதீர்கள். ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அழையுங்கள்.

அம்மா ஊர் திரும்பிவிட்டார். புதிய காயில் போட்டாயிற்று. அதே காரேஜ் ப்ளக்கில் செருகிப் பார்த்தோம், துண்டிக்கவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவர் தவறாமல் கேட்கிறார்: "வண்டிய எடுக்குறதுக்கு முன்ன அந்த மீட்டர வெச்சுப் பாத்தீங்களாப்பா?" பார்த்தோம் என்கிறோம். இப்போது அது உண்மை.